ஒரு ஆள் உயரம்

இன்னும் கட்டாத ஒரு பாலத்தை எங்கள் தெருவுக்குக் கண் முன்னால் காட்டியவன் என் தங்கச்சி புருஷன். தொழில், சாரம் கட்டுவது. கட்டடம் எழும்பும்போது அதைச் சுற்றி இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே பலகை போட்டு, கொத்தனாரும் பெயின்டரும் நின்று வேலை செய்ய இடம் அமைத்துக் கொடுப்பார்களே, அந்த வேலை. கட்டடம் முடிந்தால் குழாயையெல்லாம் பிரித்து என் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். திறப்பு விழாவுக்கு அவனை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ஒரு தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் லாரியை நிறுத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தான். "இதுல ஒரு செங்கல்கூட என்னுது இல்லை மச்சான். ஆனா ஒவ்வொரு செங்கலும் என் பலகையில உட்கார்ந்துட்டுத்தான் சுவத்துக்குப் போச்சு" என்றான்.

ஊரில் அவனுக்குப் பேர் கொக்கு. உச்சியில் நிற்கும்போது ஒரு காலை மடக்கி, மற்றக் காலின் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிற்பான். கீழே இருந்து பார்க்கிற நாங்கள் காலை இறக்கச் சொல்லிக் கத்துவோம். ஏன்டா இப்படி நிற்கிறாய் என்றால், "ரெண்டு காலும் வலிக்கிறதுக்கு ஒண்ணு மட்டும் வலிக்கட்டுமே" என்பான். பெண் பார்க்க வந்தபோது என் தங்கச்சி அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "வீட்டுலயாவது ரெண்டு காலும் தரையில இருக்குமா?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முயற்சி பண்றேன்" என்றான். அந்த இடத்திலேயே சம்பந்தம் முடிந்தது.

இரண்டு பேரும் குடியிருப்பது எங்கள் தெருவில் மூன்றாம் மாடியில். அகலமான தெரு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மூன்று மாடி வீடுகள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் என் தங்கச்சி தையல் மெஷினைப் போட்டிருக்கிறாள். அந்த இடத்தை விட்டு மெஷினை ஒரு சாண் நகர்த்தவிடமாட்டாள். பல்பு வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அப்போதுதான் புது ரயில் பேச்சு வந்தது. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே கோடாகப் போகிற ரயில். காலையில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு மறு கோடி. இப்போது ஒரு பகலும் ஒரு இரவும் முழுசாகப் போகிறது, அதுவும் பாதி வழியில் எஞ்சின் மாற்றி. அந்தக் கோடு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். எப்படித் தாண்டுவது என்பதில்தான் பிரச்சினை.

ரயில் ஆபீஸ்காரர்கள் பொதுக் கூடத்தில் நாலு பெரிய படங்களை மாட்டி வைத்தார்கள். ஒன்று, எங்கள் தெருவின் நடுவில் தூண் நட்டு, தெரு நீளத்துக்கும் மேலே பாலமாகப் போவது. செலவு குறைவு, சீக்கிரம் முடியும். இரண்டாவது, பூமிக்கு அடியில். யாருக்கும் தொந்தரவு இல்லை, ஆனால் செலவைக் கேட்டால் தலை சுற்றும். மூன்றாவது, ஊரை விட்டு ஒதுங்கி ஏரியைச் சுற்றிக்கொண்டு. தூரம் கூடும். ஏரிக்கரைக் காய்கறித் தோட்டமெல்லாம் போகும். ஏரியில் பாதி மண் போட்டு மூடப்படும். நாலாவது, புதிதாக ஒன்றும் போடாமல் பழைய தண்டவாளத்தையே வளைவு நெளிவு எடுத்து, அகலப்படுத்தி ஓட்டுவது. யார் வீடும் போகாது. ஆனால் மத்தியானச் சோறு, மறு கோடி என்ற பேச்சும் இருக்காது. கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

ஆபீஸ் சார்பில் ஒரு இன்ஜினியரம்மா வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். காலில் மண் ஒட்டின ஷூ. எதைக் கேட்டாலும் மழுப்பாமல் பதில் சொல்வார். "அடியில போனா நல்லதுதானே மேடம்?" என்று கேட்டதற்கு, "நல்லதுதான். உங்க ஊருக்கு அடியில போற செலவுல வேற மூணு ஊருக்கு ரயிலே இல்லாம போயிடும். அந்த ஊர்க்காரங்க உங்களைவிடச் சத்தமா கேப்பாங்க" என்றார்.

டீக்கடையில் இதே பேச்சாகக் கிடந்தது. கடைக்காரர் தெளிவாக இருந்தார். "மேல போனா என் கடைக்கு நிழல். அடியில போனா என் கடை வாசல்ல குழி. ஏரிப்பக்கம் போனா எனக்கு ஒண்ணுமே இல்லை. நான் நிழல் கட்சி."

மூன்றாம் மாடியில் என் தங்கச்சிக்கு அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் எதையும் நம்பமாட்டார். "அவசரம் யாருக்கு? எனக்கு அந்தக் கோடியில யாரும் கிடையாது."

"உங்களுக்கு இந்தக் கோடியிலயும் யாரும் கிடையாது சார், கடன் சொல்லி டீ குடிக்க என்னை விட்டா" என்றார் கடைக்காரர்.

இன்ஜினியரம்மாவும் சில நேரம் அங்கே டீ குடிக்க வருவார். ஒரு நாள் தபால்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "படத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும்மா. பாலத்துக்குக் கீழ ஒரு மரம் வரைஞ்சிருக்கீங்க, ஒரு குழந்தை பலூனோட போகுது. எங்க தெருவுல மரமும் கிடையாது, பலூனும் கிடையாது. எவ்வளவு உயரத்துல வரும், அதைச் சொல்லுங்க."

அந்தம்மா மீட்டர் கணக்கில் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினோம். ஒருத்தருக்கும் புரியவில்லை.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டுத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "சொன்னா புரியாது. காட்டிடுவோம்" என்றார். "இங்க சாரம் கட்டுறவங்க யாரு இருக்காங்க?"

கடையில் இருந்த எல்லோரும் கொக்கைப் பார்த்தார்கள். அவன் பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

அந்தச் சமயம் அவனுக்கு வேலை ரொம்பக் குறைவு. பெரிய கட்டடங்களில் மேலேயிருந்து கம்பிக் கயிற்றில் தொங்குகிற மேடை வந்துவிட்டது, மோட்டாரில் ஏறும் இறங்கும். குழாய்ச் சாரத்தைச் சின்ன வீட்டுக்காரர்கள்தான் கேட்பார்கள். அவர்களும் பேரம் பேசுவார்கள். பாலம் வருமானால் தெரு நீளத்துக்கும் சாரம் வேண்டும், வருஷக்கணக்கில். அந்த வேலை உள்ளூர்க்காரனான அவனுக்குத்தான் என்று ஒப்பந்தக் கம்பெனி மேலாளரே சொல்லியிருந்தார். ஆனால் தெருக்காரர்கள் கூட்டம் போட்டுச் சம்மதம் சொன்னால்தான் பாலம். எனக்கும் லாரி வாடகை ஓடும். அதனால் நானும் நிழல் கட்சிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் இதுதான். பாலத்தின் இரண்டு ஓரமும் எங்கே வருமோ அங்கே, தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சாரக் கோபுரங்கள் நிற்க வேண்டும். கோபுரத்துக்குக் கோபுரம் கயிறு இழுத்து, அதில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பாலத்தின் அடிவயிறு. அதற்கு மேலேதான் பாலம், ரயில் எல்லாம். பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் முடிவு சொல்லலாம்.

கொக்கும் அவன் ஆட்களும் கட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கோபுரமும் முடிந்ததும் இன்ஜினியரம்மா முக்காலியில் கருவியை வைத்து உச்சிப் பலகையின் மட்டத்தைப் பார்ப்பார். ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் அடியில் உள்ள திருகைத் திருகி ஏற்றி இறக்கச் சொல்வார். கொக்கு சிரித்துக்கொண்டே திருகுவான். இவ்வளவு கவனமாகத் தன் வேலையைப் பார்த்த ஆளை அவன் அதுவரை கண்டதில்லை. கடைசிக் கோபுரமும் சரி என்று சொல்லிவிட்டு அந்தம்மா தலைமை ஆபீஸ் கூப்பிட்டதென்று கிளம்பிப் போனார். மறுநாள் இவர்கள் கயிறு இழுத்துத் துணி கட்டினார்கள்.

அந்தச் சாயங்காலத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு இறங்கினேன். அண்ணாந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தெருவின் இரண்டு பக்கமும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மட்டத்தில், இரண்டு சிவப்புக் கோடுகள். துளி வளைவு இல்லை. டீக்கடைக்கு மேலே, மருந்துக்கடைக்கு மேலே, பள்ளிக்கூடத்துக்கு மேலே போய், தெரு முடிகிற இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதுபோல் தெரிந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். ஆனால் அந்த ஆகாயம் சும்மா இருக்கவில்லை. அங்கே ஏதோ இருந்தது. அதற்குள் பறந்து வந்த இரண்டு காக்காய் சட்டென்று திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு தெரு நடுவில் நின்றாள், பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடிக்காமல் இறங்கி நின்றான். தபால்காரர் மூன்று மாடியும் இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"தலைக்கு மேலேதான் போகுது" என்றார் கடைசியில். "யார் வெளிச்சத்தையும் மறைக்கலை. பரவாயில்லையே!"

அந்த மனுஷன் வாயிலிருந்து 'பரவாயில்லை' வந்ததென்றால் தெருவே சம்மதித்த மாதிரி. அதற்கப்புறம் நாலைந்து நாள் ஊரில் எல்லோருக்கும் கழுத்து வலிதான். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். கோட்டை விரலால் காட்டிக்கொண்டே, இதோ வருது, இதோ போயிடுச்சு என்று ரயில் ஓட்டினார்கள். கொக்கு தெருவில் நடந்தால் வழிவிட்டார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். "பாலத்தையே கட்டிட்டான்யா இவன். இனிமே சிமென்ட் பூசுறதுதான் பாக்கி" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கை தூக்குவதுதான் மிச்சம் என்று எல்லோரும் நினைத்தோம்.

வியாழக்கிழமை காற்று பலமாக அடித்து, தங்கச்சி வீட்டுக்கு எதிரே இருந்த கோபுரத்தில் துணி முடிச்சு அவிழ்ந்து படபடத்தது. கொக்கு அதைக் கட்ட மேலே ஏறினான். நான் அப்போது அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஒரு குடையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், உச்சிப் பலகையும் அதன்மேல் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அதற்கு மேலே முழங்கால். மற்றதெல்லாம் ஜன்னல் சட்டத்துக்கு மேலே போய்விட்டது.

"அண்ணே, இங்க பாரேன்" என்று சிரித்தாள். "கால் மட்டும் வந்து நிக்குது. ஆள் எங்க போனாரு?"

"காலு கிடைச்சதே பெருசு. பிடிச்சு வச்சுக்கோ" என்றேன்.

வெளியே இருந்து அவன் குரல் கேட்டது. "என்ன ரெண்டு பேரும் என்னை..." பாதியில் நின்றுவிட்டது.

பாதங்கள் அசையவில்லை. பிறகு மெதுவாக முழங்கால் மடங்கியது. அவன் பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகம் ஜன்னலுக்கு நேரே வந்தது. எங்களைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அண்ணாந்து துணியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சுங்க?" என்றாள் தங்கச்சி.

"பலகை" என்றான்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தபிறகுதான் சொன்னான். சாரக்காரனிடம் உயரம் என்று சொன்னால் அவன் பலகையின் உயரத்தைத்தான் எடுத்துக்கொள்வான், ஆள் நிற்கிற இடம் அது. இன்ஜினியரம்மா சொன்ன உயரத்துக்குப் பலகை போட்டான், அந்தம்மாவும் பலகையைத்தான் அளந்தார். எல்லாம் சரி. ஆனால் எந்தச் சாரத்திலும் பலகையோடு குழாயை நிறுத்தமாட்டார்கள். நிற்கிறவன் பிடித்துக்கொள்ள, கயிறு கட்ட, கப்பி மாட்ட, ஒரு ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் குழாய் மேலே நீண்டிருக்கும். எதைக் கட்டினாலும் குழாயின் தலையில்தான் கட்டுவார்கள். பலகையில் கட்டினால் காலைத் தட்டிவிடும். இத்தனை வருஷமாகக் கை பழகின வேலை. துணியையும் அப்படியே குழாயின் தலையில் கட்டிவிட்டார்கள். ஊர் வாயைப் பிளந்து பார்த்த பாலம் ஒரு ஆள் உயரம் மேலே நின்றது. உண்மையான பாலத்தின் அடிவயிறு அவன் பாதம் இருந்த இடம். ஜன்னலுக்குப் பாதி.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அதன் மேல் பாதியில் கான்கிரீட் சுவரை வைத்துப் பார்த்தேன். கீழ்ப் பாதியில் பாலத்தடி இருட்டு. இந்த வீட்டுக்கு மட்டுமா? தெருவின் மூன்றாம் மாடி முழுக்க.

"யாருக்காவது தெரியுமா?" என்றேன்.

"எனக்குத் தெரியுதே மச்சான்."

தங்கச்சி துணியை மடித்து வைத்தாள். "சொன்னா பாலம் வராது."

"வராது."

"வேலையும் வராது."

"அதுவும்தான்."

"எனக்காகப் பார்க்காதீங்க" என்றாள். "நல்ல விளக்கா ஒண்ணு வாங்கிக் குடுங்க, தச்சுக்கிறேன். இத்தனை நாள் வேலை இல்லாம நீங்க மோட்டுவளையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்ததைவிட அது மேல்."

அவன் ஜன்னல் வழியாகத் தெரு நீளத்தையும் பார்த்தான். "உனக்கு மட்டும்னா விளக்கு வாங்கிடுவேன். தெரு பூரா விளக்கு மாட்ட நான் என்ன மின்சார ஆபீஸா?"

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பொதுக் கூடத்துக்குப் போனான். இன்ஜினியரம்மா அன்றுதான் தலைமை ஆபீஸிலிருந்து திரும்பியிருந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "வாங்க, வாங்க. ஊரே உங்க பேச்சுத்தான்" என்றார்.

கொக்கு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். அந்தம்மா இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துணி பலகையிலயா, குழாய்த் தலையிலயா?"

"தலையில மேடம்."

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நான் பலகையை அளந்தேன். துணி ஏறின பிறகு அளக்கலை. உங்க கை உங்க பழக்கத்துல போச்சு, என் கண்ணு என் பழக்கத்துல போச்சு. நேத்துதான் பெரியவங்க எல்லார் முன்னாடியும், தெரு சம்மதிக்கும்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் கேட்டுவிட்டேன். "ஏன் மேடம், துணி இருக்கிற உயரத்துக்கே பாலத்தைக் கட்டிட்டா?"

"ரயில் படியேறாதுங்க" என்றார். "இங்க ஒரு ஆள் உயரம் தூக்கணும்னா, எவ்வளவோ தூரம் முன்னாலயிருந்தே சரிவு ஆரம்பிக்கணும். ஆத்துப் பாலம், ஸ்டேஷன், எல்லாத்தையும் தூக்கணும். அந்தச் செலவுக்கு அடியிலேயே போயிடலாம்."

ஒரு ஆள் உயரம். கையைத் தூக்கினால் தொடுகிற உயரம். அதற்காக ஒரு ஆறும் ஒரு ஸ்டேஷனும் எழுந்து நிற்க வேண்டும் என்றால், அந்த ரயில் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடியிலிருந்து கோடி வரை ஒரே உடம்பு. இங்கே தொட்டால் அங்கே அசையும்.

"இறக்கிடுங்க" என்றார் அந்தம்மா.

"கூட்டத்துக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். பின்னாடி இறக்கினா அதுக்குப் பேர் வேற."

சனிக்கிழமை காலை. வெயில் தெருவுக்குள் நன்றாக இறங்கியபிறகு கொக்கு தன் ஆட்களை ஏற்றினான், கோபுரத்துக்கு ஒருத்தன். அவன் தன் வீட்டுக்கு எதிர்க் கோபுரத்தில் நின்றான். ஆட்கள் ஏறுவதைப் பார்த்ததும் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இன்ஜினியரம்மா கீழே நின்றார். ஒலிபெருக்கி கொடுத்தார்கள், அவன் வேண்டாம் என்றான். அவனுடைய குரல் எந்த மாடிக்கும் கேட்கும்.

"எல்லாரும் கேளுங்க! துணியைத் தப்பா கட்டிட்டேன். ஒரு ஆள் உயரம் ஏத்திக் கட்டிட்டேன். இப்ப பாலம் எங்க வருமோ அங்க இறக்குறேன். பார்த்துக்குங்க!"

அவ்வளவுதான் பேச்சு. கையை உயர்த்திக் கீழே காட்டினான். எல்லாக் கோபுரத்திலும் ஒரே நேரத்தில் கயிறு தளர்ந்தது. இரண்டு சிவப்புக் கோடுகளும் முழுசாக, வளையாமல், தெரு நீளத்துக்கும் கீழே இறங்கின. அவற்றின் நிழல் சுவரில் இறங்கியது. மொட்டைமாடிச் சுவரைத் தாண்டியது. ஜன்னல் மேல்சட்டத்தைத் தொட்டது. ஜன்னல்களில் நின்றிருந்த ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரே சமயத்தில் அந்த நிழல் விழுந்து நின்றது.

எவ்வளவோ கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் அப்படி மூச்சுக்கூட விடாமல் நின்றதைப் பார்த்ததில்லை. முதல் நாளும் தெரு வாயடைத்துப் போனதுதான். ஆனால் அன்றைக்கு வானத்தைப் பார்த்து அடைத்த வாய். இன்றைக்கு அந்த வானமே இறங்கி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதே பாலம், அதே ரயில். ஒரு ஆள் உயரத்தில் அது வேறொன்றாகிவிட்டது. அது எவ்வளவு பெரியதென்று துணி மேலே இருந்தபோது நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு வந்தது பயமா, பிரமிப்பா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

தங்கச்சி ஜன்னலில் நின்றிருந்தாள். தையல் ஸ்கேலை வெளியே நீட்டினாள். துணியைத் தொட்டது. அந்தப் பக்கம் அவள் புருஷன்.

"இதுக்கு மேலதான் ரயிலா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப டிரைவர் நம்ம வீட்டு டீயை வாங்கிக் குடிச்சுட்டே போகலாம்."

கீழே யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு மூச்சு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தபால்காரர் தன் ஜன்னலிலிருந்து, "நேத்து வரைக்கும் வானத்துல போச்சு. இன்னிக்கு என் கட்டில் மேல போகுது!" என்று கத்தினார். டீக்கடைக்காரருக்குக் கோபம். கொக்கு இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, மேலேயே விட்டிருந்தா உனக்கு என்ன போச்சு? எல்லாரும் சந்தோஷமாத்தானே இருந்தோம்?"

"துணியை மேல விட்டா பாலமும் மேல போகுமா அண்ணே?"

கடைக்காரர் முறைத்தார். ஆனால் டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக் கூடம் நிரம்பி வழிந்தது. இன்ஜினியரம்மா நாலு வழியையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன போகிறது, நாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். ஏரிக்கரைத் தோட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் கோட்டைத் தள்ளிவிட நாங்கள் கை தூக்கிவிடுவோமோ என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே அந்தக் கையைத் தூக்க யாருக்கும் மனசு வரவில்லை. அடியில் போகட்டும் என்று கொஞ்சம் பேர். பழைய பாதையையே திருத்தட்டும் என்று பாதிக்கு மேல். என் தங்கச்சி அதற்குத்தான் தூக்கினாள். நானும் அதற்குத்தான் தூக்கினேன். லாரி வாடகை போனால் போகிறது.

"மேலே பாலமாகப் போகட்டும் என்கிறவர்கள்?" என்று கேட்டார் இன்ஜினியரம்மா. டீக்கடைக்காரரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. கொக்கு.

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவன் கையை இறக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"நீங்களா?" என்றார் இன்ஜினியரம்மா. "நீங்கதானே துணியை இறக்கினீங்க?"

"ஆமா மேடம். இறக்கினது, எல்லாரும் சரியா பார்க்கணும்னு. கையைத் தூக்கினது, எனக்கு வேணும்னு." அவனுக்குப் பேசிப் பழக்கமில்லை. எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். "வேலை கிடைக்கும்னு மட்டும் இல்லை. துணி கட்டின அன்னிக்கு உச்சியில நின்னு பார்த்தேன். ரெண்டு கோடும் தெரு முடிஞ்சும் நிக்காம, ஆத்தைத் தாண்டிப் போயிட்டே இருக்கிற மாதிரி இருந்துச்சு. மனுஷன் இப்படியெல்லாம் நினைப்பானான்னு இருந்துச்சு. இங்க முளை அடிச்சுட்டு, நாட்டோட அந்த முனையில போய்க் கயிறை இழுத்துக் கட்டுறது! இத்தனை வருஷம் மேல ஏறினதுல அந்த மாதிரி ஒண்ணை நான் பார்க்கலை. தெருவுக்கு வேணாம்னா வேணாம், நியாயம்தான். எனக்கு வேணும். அவ்வளவுதான்."

அந்தம்மா எல்லோர் கையையும் குறித்துக்கொண்டார். அந்த ஒரு கையையும் சேர்த்துத்தான். ஊரின் விருப்பம் பழைய பாதை என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

கூட்டம் முடிந்து மூன்று பேரும் தெரு வழியாகத் திரும்பினோம். துணி இன்னும் ஜன்னல் பாதியில்தான் தொங்கியது, திங்கட்கிழமைதான் பிரிப்பதாக இருந்தது. தங்கச்சி அவனை விடவில்லை.

"ஊரே ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கு. நீங்க ஒத்தைக் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க. என் மானத்தை வாங்கத்தானே?"

"உன் கை எதுக்குப் போச்சு?"

"பழைய பாதைக்கு. பின்ன? என் ஜன்னலை நானே அடைச்சுக்கவா?"

"சரியாத்தான் தூக்கியிருக்கே."

"அப்ப உங்க கை?"

"அதுவும் சரிதான்" என்றான். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "அவ்வளவு பெரிய விஷயம். ஒரு கைகூட இல்லாம அனுப்புறதா?" என்றான்.

தங்கச்சி இரண்டு சிவப்புக் கோடுகளுக்கும் நடுவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் கேட்டாள்.

"நிஜமாவே அந்தக் கோடி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரியலை" என்றான். "ஆனா அந்தப் பக்கம்தான் இருக்குன்னு தெரிஞ்சுது."